ஒற்றைக் காது குத்திய நாள்

மூன்று வயது ஆதவன் தன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். புதிதாக மொட்டையடித்த தலை முழுக்கச் சந்தனம். கழுத்தில் அவனால் சுமக்க முடியாத ஒரு ரோஜா மாலை. ஆசாரி வலது காதைக் குத்தி முடித்துவிட்டார். பையன் போட்ட சத்தத்தில் மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பிறகு சட்டென்று அழுகை நின்றது.

"பாத்தீங்களா, எங்க வீட்டு ரத்தம். ஒரு காதோட அழுகைய முடிச்சிட்டான்" என்றார் தாய்மாமன் செல்வம். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ அவன் வாயில் ஒரு துண்டு வாழைப்பழத்தைத் திணித்தார்கள். ஆசாரி இடது காதுக்குக் கம்பியை எடுத்தார்.

நான் இரண்டாவது வரிசையில் பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்திருந்தேன். அழுகிற பிள்ளை அடங்குவதற்கு ஒரு முறை உண்டு. விசும்பும், மூக்கை உறிஞ்சும், அம்மாவைத் தேடும், அப்புறம்தான் அடங்கும். இவன் எதையும் செய்யாமல் நேரே மௌனத்துக்குப் போய்விட்டான். நான் எழுந்து முன்னால் போய்ப் பார்த்தேன். கண்கள் இரண்டும் வலது பக்கமாகச் சொருகி நின்றன. வலது கைவிரல்கள் மட்டும் தாளம் போடுவதுபோல் துடித்துக்கொண்டிருந்தன.

"ஆசாரி, நிறுத்துங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் துடிப்பு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

கிள்ளைக்குப் பக்கத்தில், அவர்கள் குலதெய்வக் கோயிலையொட்டிய சின்ன மண்டபத்தில் நடந்தது இது. சில வருடங்களாகிவிட்டன. அன்று அங்கே கூடியிருந்தவர்கள் செய்த கூத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று மட்டும் வரவில்லை.

சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'தாய்மார்களை ரொம்பத் திட்டுகிறீர்கள்' என்று குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். இந்த வாரம் மாமன்களைத் திட்டப் போகிறேன்.

தெரியாதவர்கள் போல

அதற்கு முன்னால் அந்த மண்டபத்தில் நான் நுழைந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நான் குழந்தை மருத்துவர். வீடும் கிளினிக்கும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சிதம்பரம் போய் அங்கே பிள்ளைகளைப் பார்ப்பேன். ஆதவன் என் சிதம்பரத்துப் பிள்ளை. பிறந்ததிலிருந்து தடுப்பூசி எல்லாம் என்னிடம்தான். அவன் அம்மா சுகன்யா, "நீங்க வராம காது குத்த மாட்டேன் டாக்டர்" என்று பிடிவாதம் பிடித்துப் பத்திரிகை வைத்தாள். போனேன்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்ற பெண்ணைப் பார்த்ததும் எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. விஜயா. குறிஞ்சிப்பாடியிலிருந்து பேருந்து ஏறி, இரண்டு வருடமாகத் தன் மகளை என் கடலூர் கிளினிக்குக் கூட்டி வருகிறவள். "அட, விஜயா" என்று வாயைத் திறந்தேன். அவள் என் முகத்துக்கு நேராகப் பன்னீர்ச் செம்பை ஓங்கி உதறினாள். கண்ணெல்லாம் பன்னீர்.

"வாங்க வாங்க. நீங்க பொண்ணு வீட்டு சைடுங்களா, எங்க சைடுங்களா?" என்றாள், என்னை வாழ்நாளில் பார்த்தே இராதவள் மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது விளங்கியது. ஆதவனுடைய அப்பா ரமேஷ், விஜயாவின் தம்பி. சுகன்யாவுக்கு அவள் நாத்தனார். சிதம்பரத்தில் காட்டினால் தம்பி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் எதிர்த்திசையில் கடலூருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

விஜயாவின் மகளுக்கு நான் இங்கே நிவேதா என்று பெயர் வைக்கிறேன். உண்மையில் அவளே வைத்துக்கொண்டாள். இந்த அத்தியாயத்தை எழுத அனுமதி கேட்டபோது, "எழுதுங்க டாக்டர், பேரு மட்டும் நான் செலக்ட் பண்றேன்" என்றாள். மற்றவர்கள் பெயர்களை நான் மாற்றினேன்.

நிவேதா வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் சரியாகி, எங்கே விட்டோம் என்று விழிப்பாள். டீச்சர் இதைக் கனவு காண்பது என்று முடிவுகட்டி, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதற வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இப்படிச் சத்தமில்லாமல் வந்து போகிற வலிப்பும் உண்டு. நல்லவேளையாக அவள் பெஞ்சிலிருந்து விழவில்லை. ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் நின்றபோது விழுந்தாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

மாத்திரை கேட்டது. நன்றாகவே இருந்தாள். ஆனால் வீட்டில் மாமியாருக்கும் உறவுகளுக்கும் விஜயா சொல்லி வைத்திருந்தது 'வீசிங்'. "நாளைக்கு ஒரு இடத்துல குடுக்க வேண்டிய பொண்ணு டாக்டர்" என்பாள். வீசிங்குக்கு மட்டும் ஏன் மானம் போவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தப் பொய்யைக் காப்பாற்ற நிவேதா பாட்டி முன்னால் அவ்வப்போது இருமிக் காட்ட வேண்டும். "எனக்கு இருமவே வரமாட்டுது டாக்டர், ரொம்ப போர்" என்று என்னிடம் புலம்புவாள்.

வலிப்பு வந்து நிற்காமல் போனால் மூக்கில் அடிக்க ஒரு மருந்து உண்டு. சின்ன பாட்டில். அதை எப்போதும் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். விஜயா எங்கே போனாலும் அந்தக் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவாள். அன்றும் பன்னீர்ச் செம்பு ஒரு கையில், பை கக்கத்தில்.

நானும் சளைக்கவில்லை. "நான் சும்மா தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சாவிக் குவியல்

இப்போது மீண்டும் செல்வத்தின் மடிக்கு வருவோம்.

"ஐயையோ, ஜன்னி" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நம் ஊரில் வலிப்பு என்றதும் மூளை யோசிக்கும் முன்பே கை சட்டைப் பைக்குள் போகிறது. இரும்பு கொடு, இரும்பு கொடு. மண்டபத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சாவிக்கொத்தோடு பாய்ந்தார்கள். பைக் சாவி, கார் சாவி, பீரோ சாவி, பம்ப்செட் ரூம் சாவி. ஒருவர் தவறாமல் பிள்ளையின் கையில் திணிக்கப் பார்த்தார்கள். துடிக்கிற அந்தச் சின்னக் கைக்குள் எத்தனை நிற்கும்? எல்லாம் ஜமக்காளத்தில் விழுந்து குவிந்தன. சமையற்காரர் ஸ்டோர் ரூம் சாவியையும் கொண்டுவந்து போட்டார். அதனால் அன்று பந்தியில் அப்பளம் கிடையாது என்பது பிறகு தெரிந்தது.

சாவியால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. சாவிக்குப் பதில் கையில் முறுக்கைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும், நாமும் தலைமுறை தலைமுறையாக முறுக்கோடு ஓடியிருப்போம்.

"எல்லாரும் தள்ளுங்க. காத்து வரட்டும்" என்று கத்தினேன். கிளினிக்கில் நான் கத்தினால் பிள்ளைகள் அழும். அன்று பெரியவர்கள் நகர்ந்தார்கள்.

செல்வம் மட்டும் மருமகனைக் கெட்டியாகக் கட்டிப்பிடித்திருந்தார். கிள்ளையில் இறால் தீவனக் கடை வைத்திருக்கிறவர். மூட்டை தூக்கிப் பழகிய கை. துடிப்பை அமுக்கி நிறுத்திவிடலாம் என்று பார்த்தார்.

"அமுக்காதீங்க. எலும்பு முறிஞ்சிடும். கீழ படுக்க வைங்க. ஒருக்களிச்சி, இடது பக்கமா."

"சரிங்க டாக்டர்" என்று படுக்க வைத்தார். மாலையை அறுத்தேன். ஒருக்களித்ததும் வாயிலிருந்த வாழைப்பழம் எச்சிலோடு வெளியே வழிந்தது. மல்லாக்கப் படுத்திருந்தால் அது மூச்சுக்குழலுக்குப் போயிருக்கும். ஒரு அம்மாள் கரண்டியோடு வந்தார், பல்லுக்கு நடுவில் வைக்க. "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது" என்றேன். இன்னொருவர் சொம்புத் தண்ணீரோடு வந்தார். "ஊத்தவும் கூடாது." அவர் ஏமாற்றத்தோடு தானே குடித்துவிட்டார்.

வீடியோ எடுக்க வந்தவர் கேமராவை இறக்கப் போனார். "கட் பண்ணிடவா மேடம்?"

"வேணாம், எடுங்க. எப்ப ஆரம்பிச்சிது, எந்தக் கை ஆடுதுன்னு எல்லாம் அதுல இருக்கணும்."

ஒரு மாமா அவரை அடிக்கவே போனார். பிள்ளை துடிக்கும்போது படம் பிடிக்கிறாயா என்று. ஆனால் பிற்பாடு ஆஸ்பத்திரியில் அந்தப் படம்தான் ரொம்ப உதவியது. வலிப்பு வந்த பிள்ளையின் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் துடித்தான் என்பாள். அவளுக்கு அப்படித்தான் இருக்கும். பொய்யில்லை. கடிகாரத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

நான் பையனின் சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன். அனல்.

"சுகன்யா, காய்ச்சல் எப்பத்துலேருந்து?"

"காய்ச்சலே இல்லியே டாக்டர்" என்று அழுதாள். "காலையில கொஞ்சம் சோர்வா இருந்தான். நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். தல சில்லுனுதான் இருந்துச்சு."

தலை சில்லென்றுதான் இருக்கும். மொட்டையடித்து அரை இஞ்சுக்குச் சந்தனம் அப்பினால் எந்தத் தலையும் சில்லென்றுதான் இருக்கும். நம் அம்மாக்களின் கை காய்ச்சல் பார்க்க நேரே தலைக்குத்தான் போகிறது. அன்று காலையிலிருந்து சுகன்யா காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கவில்லை, சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காக நான் அவளைத் திட்டவில்லை. என் கையும் அங்கேதான் போயிருக்கும்.

"வண்டிய எடுங்க, சிதம்பரம் போகணும்" என்றேன்.

அப்போதுதான் தெரிந்தது. வண்டி இருக்கிறது, சாவி இல்லை. அதாவது, சாவிகள் இருக்கின்றன. ரமேஷின் கார் கோயில் சுவரோரம். அதை மறித்து செல்வத்தின் வேன். வேனை மறித்து சமையல் சாமான் கொண்டுவந்த டெம்போ. மூன்று சாவியும் குவியலுக்குள். மண்டபமே ஜமக்காளத்தில் மண்டியிட்டுத் துழாவியது.

"இது என்னோடது இல்ல மச்சான்."

"இது பீரோ சாவிடா."

"எவன்டா என் வண்டிய மறிச்சி நிறுத்துனது?"

செல்வம் ஒரு சீர்வரிசைத் தட்டிலிருந்த ஆப்பிள்களைக் கொட்டிவிட்டு, சாவிகளை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தாம்பூலம் போல நீட்டினார். "எடுத்துக்குங்க, சீக்கிரம் எடுத்துக்குங்க." அவர் ஓடிய ஓட்டத்தில் தட்டு கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

கைப்பை

பையனின் துடிப்பு நிற்கவில்லை. உதடு லேசாக நீலம் பாரித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் மருந்து இல்லாமல் அது நிற்பது கடினம் என்று எடுத்துக்கொள்வோம். போகப் போக மூளைக்கு ஆபத்து. சிதம்பரம் சாலை நன்றாக இருந்தாலும் அரை மணி நேரம். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது, அதுவும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

டாக்டர் என்றால் மருந்துப் பெட்டியோடு பிறந்தவள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் பையில் அன்று இருந்தது மொய்க்கவர், கைக்குட்டை, கொஞ்சம் ஏலக்காய்.

அந்தப் பையனுக்கு வேண்டிய மருந்து அந்த மண்டபத்துக்குள்ளேயே இருந்தது. தூணோரம் நின்ற விஜயாவின் கக்கத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரியும் என்று விஜயாவுக்கும் தெரியும்.

என்ன செய்வது? நோயாளியின் ரகசியம் என்னுடையதல்ல. இரண்டு வருடமாகப் பேருந்தில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தவளை, அவள் தம்பி வீட்டு விசேஷத்தில், அத்தனை உறவுக்கு நடுவில் நான் காட்டிக்கொடுப்பதா? கொடுக்காமல் இந்தப் பிள்ளையைத் துடிக்க விடுவதா?

நான் அவளைப் பார்க்காமல், மண்டபத்துக்கே பொதுவாகக் கேட்டேன்.

"யார்கிட்டயாவது மூக்குல அடிக்கிற ஃபிட்ஸ் மருந்து இருக்கா? இருந்தா இப்பவே வேணும்."

சாவி தேடுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. இன்னும் ஒரு மூச்சு போயிருந்தால் நானே எழுந்துபோய் அந்தப் பையைப் பிடுங்கியிருப்பேன். மன்னிப்பை அப்புறம் கேட்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

பிடுங்க வேண்டிய தேவை வரவில்லை. விஜயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்துப் பிரித்தாள். சீப்பு, பவுடர், ஹேர்பின் எல்லாம் கீழே கொட்டின. அதற்குள்ளிருந்து அந்தச் சின்னப் பெட்டி.

"இந்தாங்க டாக்டர். இது என் பொண்ணோடது. நிவேதாவுக்கு ஃபிட்ஸ் இருக்கு. பதினாலு வயசு. நாப்பத்தி ரெண்டு கிலோ."

மண்டபம் முழுக்கக் கேட்டது. ரமேஷ் தன் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். நிவேதா தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அம்மாவை அப்படி ஒரு பார்வை பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆதவனின் எடை எனக்குத் தெரியும், என் பிள்ளைதானே. அளவைக் கணக்கிட்டு, மூக்கின் இரண்டு துளையிலும் மாற்றி மாற்றி அடித்தேன். இதைப் படித்துவிட்டு யாரும் அடுத்த வீட்டு மருந்தைக் கடன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பதினாலு வயதுக்கு உள்ள அளவு மூன்று வயதுக்கு ஆகாது, மூச்சு அடங்கிவிடும். அன்று பக்கத்தில் நான் இருந்தேன், வேறு வழியும் இல்லை.

அடித்துவிட்டு அவன் மார்பில் கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கால் அடங்கியது. அப்புறம் இடது கை. கடைசியாக, ஆரம்பித்த அதே வலது கைவிரல்கள். பெரிதாக ஒரு மூச்சு விட்டான். உதட்டில் சிவப்பு திரும்பியது. நான் குழந்தை மருத்துவராக இருப்பதற்கு ஏதாவது கூலி உண்டென்றால் அந்த மூச்சுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கெடச்சிடுச்சி" என்று டெம்போ டிரைவர் வாசலிலிருந்து சாவியைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு தூக்கம்

காரில் பின் இருக்கையில் சுகன்யா மடியில் பிள்ளை, ஒருக்களித்தபடியே. ஒரு பக்கம் நான், மறுபக்கம் விஜயா. தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரமேஷ் ஓட்டினார்.

"எடை எல்லாம் சொன்னியே விஜயா, எனக்குத் தெரியாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"யாரோடதுன்னு சொல்லலன்னா அளவு தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன் டாக்டர். உங்களுக்குத் தெரியும்ங்கறதே அந்த நேரத்துல மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. முன்னாலிருந்து ரமேஷ், "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆதவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்குறான், பாவம். தூங்கட்டும்" என்றாள் சுகன்யா.

"தூங்கட்டும். ஆனா நாம தூங்கக் கூடாது" என்றேன். வலிப்புக்குப் பின், அதுவும் மருந்துக்குப் பின், பிள்ளை தூங்கும். கிள்ளினால் முகம் சுளிக்கும், முனகும். அது ஒரு தூக்கம். இன்னொரு தூக்கம் உண்டு.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்த ஒரு பெண்குழந்தையை முன்பொருமுறை என்னிடம் கொண்டுவந்தார்கள். அதுவும் காயத்துக்காக இல்லை, வாந்திக்காக. "விழுந்தப்ப நல்லாத்தான் இருந்தா, விளையாடுனா. அப்புறம் மூணு வாட்டி வாந்தி. இப்ப நல்லா தூங்குறா டாக்டர்" என்றார் அப்பா, திருப்தியோடு. எழுப்பினால் எழவில்லை. ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. அடிபட்ட பிள்ளை நேரம் போகப் போக மந்தமானால், வாந்தி தொடர்ந்தால், அது தூக்கம் இல்லை. தலைக்குள் ரத்தம் கட்டுகிறது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்துக்கொண்டாள். இப்போது அந்தப் பாத்திரக்கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே பேரம் பேச மறுக்கிறாள். எனக்கு ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

சிதம்பரத்தில் ஆதவனைச் சேர்த்தோம். அங்கிருந்த மருத்துவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஆரம்பித்திருக்கிறது, நேரமும் அதிகம். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று சும்மா விட முடியாது, மூளைக் காய்ச்சல் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்று முதுகில் நீர் எடுக்கக் கேட்டார்கள். முதுகில் ஊசி என்றதும் சுகன்யா மறுத்துவிட்டாள். விஜயாதான் அவளைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து சுகன்யா கையெழுத்துப் போட்டாள்.

நீர் பளிங்காக வந்தது. சாயங்காலம் பையன் கண் விழித்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாழப்பழம்" என்றான். தொண்டையில் புண், அதனால் காய்ச்சல், அதனால் வலிப்பு. அவ்வளவுதான்.

இடது காது

ஒரு காது குத்தியபடியே பையன் சில மாதம் திரிந்தான். அடுத்த நல்ல நாள் பார்த்து, இந்த முறை சிதம்பரத்திலேயே ஒரு மண்டபத்தில் இடது காது. எனக்கு மறுபடி பத்திரிகை. இந்தத் தடவை நான் மருந்துப் பெட்டியோடு போனேன். காலையிலேயே சுகன்யா போனில் சொல்லிவிட்டாள்: "தெர்மாமீட்டர் வச்சிப் பாத்துட்டேன் டாக்டர். அக்குள்ல. சந்தனத்துக்கு முன்னாடியே."

செல்வம் தன் வேனைச் சாலையைப் பார்த்து நிறுத்தி, சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்து வைத்திருந்தார். "எவன் கேட்டாலும் தரமாட்டேன்" என்றார் என்னிடம். அதே வீடியோக்காரரும் வந்திருந்தார். இப்போது அவருக்குத் தனி மரியாதை.

விஜயா ஒரு மூலையில் இறுக்கமாக நின்றாள். பக்கத்து நாற்காலியில் அவள் மாமியார். கிள்ளைக்கு முட்டி வலியால் வராதவர், இப்போது வந்திருந்தார். சேதி அன்று மாலையே குறிஞ்சிப்பாடிக்குப் போகாமல் இருந்திருக்காது. ஆனால் இத்தனை மாதமாக மாமியார் கேட்கவில்லை, விஜயாவும் சொல்லவில்லை. ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தாய்மாமன் சீர் வந்தது. மேளத்தோடு வரிசையாகத் தட்டுகள். பழம், இனிப்பு, பையனுக்குக் கடுக்கன், புதுத்துணி. எல்லாவற்றுக்கும் முன்னால் செல்வம் தானே ஒரு தட்டைச் சுமந்து வந்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு முழம் மல்லிகை. நடுவில், குங்குமப் பொட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டி. மூக்கில் அடிக்கிற அந்த மருந்து.

மேடைக்குப் போகாமல் நேரே நிவேதா முன்னால் போய் நின்றார்.

"உங்கிட்ட வாங்குனதுதான் புள்ள. திருப்பிக் குடுக்கணும்ல. சீரா குடுத்தா யாரும் ஒளிச்சி வைக்க மாட்டாங்க."

விஜயாவின் முகம் வெளுத்தது. மண்டபம் மொத்தமும் அந்தப் பெண்ணைப் பார்த்தது. நிவேதா தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பெட்டியை எடுத்து, புரட்டி, ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"எக்ஸ்பயரி பாத்து வாங்குனீங்களா மாமா?"

"எறால் தீவனத்துக்கே பாப்பேன். உனக்குப் பாக்க மாட்டனா?"

அவள் சிரித்தாள். சிலர் சிரித்தார்கள். வேறு சிலர் காதோடு காதாகப் பேசத்தான் செய்தார்கள், அதை மறைப்பானேன்.

அப்போது விஜயா என்னைப் பார்த்தாள். கிள்ளையில் பன்னீரால் என் கண்ணை மூடியவள், நேரே வந்து என் கையைப் பிடித்து மாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அத்தே, இவுங்கதான் நம்ம நிவேதாவோட டாக்டர். வீசிங்குக்கு இல்ல. ஃபிட்ஸுக்கு. ரெண்டு வருஷமா இவுங்ககிட்டதான் பாக்குறோம்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். தட்டோடு நின்ற பேத்தியையும் பார்த்தார்.

"இருமத் தெரியாத புள்ளய இரும வச்சா எனக்குத் தெரியாதாடீ?" என்றார். "நீயா வந்து சொல்லுவேன்னுதான் உக்காந்திருந்தேன்."

விஜயா அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் அவள் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் தன் புடவையை முட்டிவரை விலக்கிக் காட்டி என் பக்கம் திரும்பினார்.

"கொழந்த டாக்டர்னா என்னா, முட்டியும் முட்டிதான. இதுக்கு எதுனா எழுதிக் குடுங்க."